நாள்பட்ட கணைய அழற்சி: உங்களுக்கு எந்த மருந்து கேட்டது?

எனக்கு நாள்பட்ட கணைய அழற்சி என்று தெரிந்து ஏழு வருடம் ஆகிறது. கணையத்தில் அழற்சி வருடக்கணக்கில் நீடித்துத் தழும்பாகிவிடும் நோய் இது. அன்று நான் முதலில் கேட்டதே, "இந்தத் தழும்பைக் கரைக்க மருந்து இருக்கிறதா டாக்டர்?" என்பதுதான். "இன்றைக்கு இல்லை" என்றார். மறைக்காமல் சொன்னதற்கு இன்றும் அவருக்கு நன்றி. ஆனால் நான்தான் அதை 'மருந்தே இல்லை' என்று எடுத்துக்கொண்டு, கொடுத்த மாத்திரைகளை ஏனோதானோவென்று போட்டேன். ஒன்றரை வருடம் வீணாகப் போனது.

முக்கியமானது என்சைம் கேப்சூல். கெட்டுப்போன கணையம் போதிய அளவு சுரக்காத ஜீரணப் பொருளை வெளியிலிருந்து கொடுப்பது அது. மாத்திரை என்றாலே சாப்பாட்டுக்கு முன் அல்லது பின் என்றுதானே பழகியிருக்கிறோம்? நான் அரை மணி நேரம் முன்னாலேயே விழுங்கிவிடுவேன். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. கழிப்பறைத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டேன். கடைசியில் ஓர் உணவு ஆலோசகர்தான், "எப்போது விழுங்குகிறீர்கள்?" என்று கேட்டார். ஒரு கேப்சூலைப் பிரித்து என் உள்ளங்கையில் கொட்டினார். பழுப்பு நிறத்தில் பொடிப்பொடி மணிகள். வயிற்று அமிலத்தில் வீணாகாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் மேல்பூச்சு உண்டு. சாப்பாட்டோடு கலந்து சிறுகுடலுக்குப் போனால்தான் அவை வேலை செய்யும். அதனால் முதல் வாயோடு ஒன்று, நடுவில் ஒன்று.

அளவும் தப்பாக இருந்தது. பெரியவர்களுக்கு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 அலகு லைபேஸ் (கொழுப்பை ஜீரணிக்கும் என்சைம்), இடைத்தீனிக்கு அதில் பாதி என்றுதான் வழக்கமாகத் தொடங்குவார்கள். நான் எடுத்தது 10,000. இரண்டையும் சரிசெய்த மூன்றாவது மாதம் பெல்ட் ஒரு ஓட்டை பின்னால் வந்தது. மணிகளை மெல்லாதீர்கள், வாய் புண்ணாகும். இது பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது. அதில் தயக்கம் உள்ளவர்கள் டாக்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

ஜீரணம் சரியானது. வலிக்கு மட்டும் இது எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் என்ன எடுத்தீர்கள்?

* * *

அண்ணா, வலிக்கு நான் ப்ரீகாபலின் எடுக்கிறேன். அது நரம்பு வலிக்கான மருந்து. வருடக்கணக்கில் வலித்தால் நரம்பும் மூளையும் சின்ன வலியைக்கூடப் பெரிதாக்கிக் காட்டப் பழகிவிடுமாம். 2011-இல் வெளியான ஆய்வில் 64 பேருக்கு மூன்று வாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வெற்று மாத்திரையைவிட இதில் வலி குறைந்தது. எனக்கு முதல் வாரம் ஒரே தலைசுற்றல், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். அப்புறம் அடங்கியது. வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் இரவில் தூங்குகிறேன். திடீரென்று மட்டும் நிறுத்திவிடக் கூடாது.

ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையும் ஆறு மாதம் போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. 2009-இல் டெல்லியில் 127 பேரிடம் செய்த ஆய்வில் வலி குறைந்தது. 2012-இல் இங்கிலாந்தில் 70 பேரிடம் செய்ததில் குறையவில்லை. அதனால் யாராவது தனக்குக் கேட்டது என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

* * *

என் அம்மாவின் கதை வேறு. திடீரென்று மஞ்சள் காமாலை. ஸ்கேனில் கணையம் முழுக்க வீங்கியிருந்தது. புற்றுநோய் என்றே பயந்து, வீட்டில் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. திசுப் பரிசோதனை செய்தார்கள், புற்றுநோய் இல்லை. இரத்தத்தில் ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதம் அதிகம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கும் வகை இது. ஐஜிஜி4-க்கும் இதற்கும் உள்ள தொடர்பை ஜப்பானிய மருத்துவர்கள் 2001-இல் எழுதினார்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்த சில வாரத்தில் கண்ணில் இருந்த மஞ்சள் போய்விட்டது. அடுத்த ஸ்கேனில் வீக்கம் வடிந்திருந்தது. மாத்திரையைக் குறைத்தபோது ஒருமுறை திரும்ப வந்தது, அதுவும் அடங்கியது. காரணம் தெரியாத கணைய அழற்சி என்று சொல்லியிருந்தால், இந்த ஐஜிஜி4 பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். மற்ற வகைகளுக்கு ஸ்டீராய்டு கிடையாது, நீங்களாகப் போட்டுவிடாதீர்கள்.

* * *

தழும்பு மருந்து பற்றி நான் சொல்கிறேன். ஆய்வகத்தில் தழும்பை உண்டாக்கும் செல்களோடு சில வருடம் வேலை பார்த்தவள். கணையத்தில் நட்சத்திர வடிவச் செல்கள் உண்டு. 1998-இல் ஆஸ்திரேலியாவிலும் ஜெர்மனியிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அவற்றைப் பிரித்தெடுத்து வளர்த்தன. அமைதியாக இருக்கும்வரை அவற்றுக்குள் வைட்டமின் ஏ சின்னச் சின்னத் துளிகளாக இருக்கும். புற ஊதா ஒளியில் வைத்தால் நீலப் பச்சையாக மினுங்கிச் சட்டென்று மங்கும். நான் முதன்முதலில் பார்த்த அன்று மூச்சு விடவே மறந்துவிட்டேன். அழற்சி தொடர்ந்தால் அந்தத் துளிகள் மறைந்து, செல் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை நூற்கத் தொடங்கும். தழும்பு அதுதான்.

செல்லை மறுபடி அமைதியாக்க முடியுமா என்பதே கேள்வி. வைட்டமின் ஏ, வைட்டமின் டி சார்ந்த மருந்துகள், நுரையீரல் தழும்புக்குக் கொடுக்கும் பிர்ஃபெனிடோன் எல்லாம் ஆய்வகத்திலும் எலிகளிலும் நல்ல பலன் காட்டின. மனிதர்களின் கணையத் தழும்புக்கு இன்னும் எதுவும் அங்கீகாரம் பெறவில்லை. ஜப்பானில் கணைய அழற்சிக்குக் காமோஸ்டாட் என்ற மாத்திரை பல வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கிறது. அது புரதத்தை உடைக்கும் என்சைம்களை அடக்குவது. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வைட்டமின் ஏ வாங்கி விழுங்காதீர்கள், கல்லீரல் கெடும். சிகரெட் இருந்தால் இன்றே விடுங்கள். தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்க நம் கையில் இருப்பது அது.

* * *

எல்லோருக்கும் நன்றி. அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் என் பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஐஜிஜி4 ஒன்றில்கூட இல்லை. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன், முதல் கேள்வி அதுதான்.