2009 நோபல்: கபானியின் இழையில் உறை இருந்ததா?

ஒளிவேலன்: “ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழைக்கு (ஃபைபர்) 2009 இயற்பியல் நோபல் வாங்கத் தகுதியானவர் சார்லஸ் காவோ மட்டுமே” என்று பக்கத்துத் திரியில் ஒருவர் அளந்துவிட்டிருக்கிறார். 1954 ஜனவரியிலேயே ஹாப்கின்ஸும் இந்தியாவில் பிறந்த கபானியும் ‘நேச்சர்’ இதழில் இழைக்கற்றை வழியே படம் கடத்திக் காட்டியாயிற்று. உழுதவன் ஒருத்தன், அறுத்தவன் ஒருத்தன்!

இழைமணி: மறுபடி இந்த ஒப்பாரியா? அந்தக் கற்றையின் நீளம் 75 செ.மீ. எல்லாம் வெற்று இழைகள். ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஒளி பக்கத்து இழைக்குத் தாவும், கைப்பிசுக்கு பட்டாலே கசியும். அப்படிக் கசியாதபடி இழையைச் சுற்றி உறை (கிளாடிங்) போடும் வழியை அதே இதழில் எழுதியவர் வான் ஹீல். கபானியின் இழையில் உறை இருந்ததா, இல்லையா?

ஒளிவேலன்: காவோ மட்டும் என்ன கிழித்தார்? 1970-ல் கிலோமீட்டருக்கு 17 டெசிபல் மட்டுமே ஒளி இழக்கும் இழையை இழுத்தது கார்னிங் கண்ணாடி நிறுவனத்தின் மாரர், கெக், ஷுல்ட்ஸ். நோபல் மேடையில் அவர்கள் எங்கே?

இழைமணி: கேட்டதற்குப் பதிலைக் காணோம். சரி, காவோ செய்ததைச் சொல்கிறேன். அன்றைய இழையில் கிலோமீட்டருக்கு 1000 டெசிபல் இழப்பு (ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒளி பத்தில் ஒரு பங்காகும்). 20 மீட்டர் போனால் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். 1966-ல் காவோவும் ஹாக்கமும், குற்றம் கண்ணாடியில் இல்லை, இரும்பு போன்ற மாசில் இருக்கிறது, இழப்பை 20 டெசிபலுக்கு இறக்கினால் தொலைபேசிக்கு ஆகும் என்று எழுதினார்கள். அதை அளந்தும் காட்ட வேண்டுமே! 1969-ல் ஜோன்ஸும் காவோவும் உருக்கிய சிலிக்காவில் அளந்தது கிலோமீட்டருக்குச் சுமார் 4 டெசிபல். 20 செ.மீ. துண்டில் அது 0.02 சதவீதம்கூட வராது. ஆனால் துண்டின் ஒவ்வொரு முனை முகப்பிலும் எதிரொளித்துப் போவதே 3.5 சதவீதம். ஒரே மாதிரி மெருகேற்றிய நீளத் துண்டையும் குட்டைத் துண்டையும் ஒப்பிட்டு அந்த எதிரொளிப்பைக் கழித்தாக வேண்டும். முகப்பில் தூசி ஒட்டினால் கணக்கு காலி. அந்த எண் கையில் இல்லாமல் இழை இழுக்க எவன் பணம் போடுவான்? இப்போது சொல்லுங்கள், உறை?

ஓரக்கண்: அதே பரிசின் மறுபாதி டிஜிட்டல் கேமராவில் ஒளியைப் பதியும் சில்லான சிசிடிக்காக பாயிலுக்கும் ஸ்மித்துக்கும் போனது. சிசிடியில் படம் பிடிக்கும் காப்புரிமை டாம்செட் பெயரில். அதைப் பற்றி மூச்சே இல்லை.

கூர்முனை: 2005-ல் ஒளியின் குவாண்டம் கோட்பாட்டுக்கான நோபலில் கிளாபருக்குப் பாதி, கேரளத்தில் பிறந்த சுதர்சனுக்குப் பட்டை நாமம். நம்மவன் என்றாலே அப்படித்தான்.

இழைமணி: சுதர்சன் விவகாரம் வேறு. அங்கே அவருடைய 1963 கட்டுரை எழுத்தில் இருக்கிறது. இங்கே உறையே இல்லை.

ஒளிவேலன்: உறை, உறை என்று கிளிப்பிள்ளை மாதிரி! கபானிக்குச் செத்தபின் 2021-ல் பத்ம விபூஷண் கொடுத்தவர்கள் முட்டாள்களா?

இழைமணி: கொடுக்கட்டுமே, யார் வேண்டாமென்றது? 1956-ல் கண்ணாடிக் குழாய்க்குள் கண்ணாடித் தண்டைச் செருகி உருக்கி, கண்ணாடி உறையோடு இழை இழுத்த மிச்சிகன் பல்கலை மாணவர் கர்ட்டிஸுக்கு யார் கொடுத்தார்கள்?

ஒளிவேலன்: பட்டியலில் இன்னொரு வெள்ளைக்காரனா? வாழ்க.

இழைமணி: காவோ பிறந்தது ஷாங்காயில், ஐயா.

ஓரக்கண்: டாம்செட்டுக்கு யாராவது பதில் சொல்வீர்களா, நான் தனித் திரி தொடங்கவா?