ஸ்குவாட் செய்த பிறகு படி இறங்க முடியவில்லை, பயிற்சியைத் தொடரலாமா?

கேள்வி:
வணக்கம். இந்த வாரம்தான் ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாளே ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்து முட்டியை மடக்கி இறங்குவது) இரண்டும் நிறைய செய்ய வைத்தார்கள். செய்து முடித்தபோது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மாலையிலிருந்து இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டன, இன்று இன்னும் மோசம். படி ஏறுவது பரவாயில்லை. இறங்கும்போது கைப்பிடியை இறுகப் பிடித்து ஒவ்வொரு காலாக வைக்க வேண்டியிருக்கிறது. லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கிறது, அதே பயிற்சியை மறுபடி செய்தால் கரைந்துவிடும் என்கிறார் உடன் பயிற்சி செய்பவர். செய்யலாமா? வலி மாத்திரை போடலாமா?

பதில் 1:
லாக்டிக் அமிலம் காரணமில்லை நண்பரே. பயிற்சியை நிறுத்தி ஒரு மணி நேரம் போல ஆனாலே அது பழைய அளவுக்கு வந்துவிடும். உங்களுக்கு வலி தொடங்கியதே மறுநாள்தானே. பழகாத வேலையால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும், அதைச் சரிசெய்ய உடல் எடுக்கும் முயற்சியில் வரும் அழற்சியும்தான் இதற்குக் காரணம். வழக்கமாக 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும், 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், பிறகு தானாகக் குறையும். இன்று அதிகமாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

இறங்கும்போது ஏன் கூடுதல் வலி என்றால், அப்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. ஸ்குவாட்டில் கீழே போகும்போதும் இதேதான் நடக்கிறது. தசையை அதிகம் புண்ணாக்குவது இந்த இறங்கும் பாதிதான்.

அதனால் வலியோடு அதே பயிற்சி இப்போது வேண்டாம். ஆனால் படுத்தே கிடக்கவும் வேண்டாம். மெதுவாக நடங்கள், கொஞ்ச நேரத்தில் இறுக்கம் தளரும். உட்கார்ந்தால் மறுபடி பிடிக்கும், அது சகஜம்.

பதில் 2:
வெந்நீர்க் குளியல், லேசான மசாஜ் இரண்டும் இதமாக இருக்கும். அழுத்திப் பிசைய விடாதீர்கள்.

பதில் 3:
மாத்திரை கட்டாயமில்லை. தாங்க முடியவில்லை என்றால் பாராசிட்டமால், அட்டையில் உள்ள அளவைத் தாண்டாமல். ஐபுபுரூஃபன் போன்றவற்றை, நிறைய வியர்த்து உடலில் நீர் குறைந்திருக்கும்போது எடுத்தால் சிறுநீரகத்துக்குச் சுமை. வேறு மருந்து ஏதாவது சாப்பிடுபவர் என்றால் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

இதைவிட முக்கியமாக ஒன்று கேட்க வேண்டும். சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது? கட்டன் தேநீர் போலக் கருத்து வந்தாலோ, தொடை கல்லாக வீங்கினாலோ, காலில் பலமே இல்லாமல் போனாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ராப்டோமயோலிசிஸ் என்ற நிலையில் தசை பெருமளவில் சிதைந்து, அதிலிருந்து வரும் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அரிதுதான், ஆனால் முதல் நாளே அளவுக்கு மீறிச் செய்தவர்களுக்கு வருவதுண்டு. அதேபோல, பயிற்சியின் நடுவிலேயே சுரீரென்று வந்த வலி, ஒரு காலில் மட்டும் உள்ள வலி, மூட்டுக்குள் வலி இதெல்லாம் வேறு கணக்கு, காட்டிவிடுவது நல்லது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சிறுநீர் வழக்கம்போலத்தான் இருக்கிறது, வீக்கமும் இல்லை, இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி வலி. மறுபடி எப்போது ஆரம்பிக்கலாம்? முன்னாடியே ஸ்ட்ரெட்ச் செய்திருந்தால் வந்திருக்காதா?

பதில் 1:
அப்படியென்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஸ்ட்ரெட்ச் செய்தாலும் இந்த வலி பெரிதாகக் குறையாது, பலர் நம்புவது போல் இல்லை. இதற்கு நல்ல தடுப்பு அதே பயிற்சியைக் குறைந்த அளவில் பழக்குவதுதான். ஒருமுறை இப்படி வலித்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை முன்னைவிட நன்றாகத் தாங்கும். அதனால் இப்போது பயந்து ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள், அந்தப் பலன் வீணாகிவிடும்.

இடையில் கை, தோள் பயிற்சிகள் செய்யலாம். கைப்பிடி பிடிக்காமல் படி இறங்க வந்ததும் எடை எதுவும் இல்லாமல் பாதி எண்ணிக்கையில் தொடங்குங்கள். வலிக்கவில்லை என்றால் பயிற்சி பலிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வலியே இல்லாமலும் தசை வளரும். பயிற்சியாளரிடமும் முதல் நாளுக்குப் பிறகு எப்படி வலித்தது என்று விவரமாகச் சொல்லிவிடுங்கள், அதை வைத்து அவர் அளவைக் குறைக்கட்டும்.