கழிவுப் பொருளில் வீட்டுச் சாமான் செய்வதும் கலை பயில்வதும்: இரண்டையும் இணைப்பது எப்படி?

நூலேணி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஓவியப் பள்ளிக்குச் சென்றிராத சிறுவர்களும் பெரியவர்களும் வார இறுதியில் ஒன்றுகூடிக் கலை பயிலும் சிறு குழுவொன்றை நடத்தி வருகிறேன். வண்ணங்களும் நல்ல தாள்களும் வாங்க எல்லோராலும் இயலாது என்பதாலும், வீட்டில் சேரும் அட்டைப்பெட்டி, பழைய துணி, பாட்டில், தகர டப்பா ஆகியவற்றை வீணாக்கக் கூடாது என்ற எண்ணத்தாலும், அவற்றைக் கொண்டே வீட்டுக்கு உதவும் பொருள்களைச் செய்து வருகிறோம்.

இதில் எனக்கு இரண்டு கவலைகள் உள்ளன. செய்யப்படுபவற்றில் பெரும்பாலானவை பூச்சும் மினுமினுப்பும் ஏற்றப்பட்ட டப்பாக்களாகவே அமைகின்றன. விரைவிலேயே பூச்சு உரிந்து, அவை மீண்டும் குப்பைக்கே போய்விடுகின்றன. அடுத்ததாக, வெட்டுவதும் ஒட்டுவதும் எல்லோருக்கும் கைவந்துவிட்ட போதிலும், உருவத்தைக் கூர்ந்து பார்ப்பது, நிறத்தைத் தேர்ந்தெடுப்பது, இடைவெளியை அமைப்பது ஆகியவற்றில் எவரிடமும் வளர்ச்சி தெரியவில்லை. கலைப் பயிற்சியையும் பயன்பொருள் செய்வதையும் தனித்தனி வகுப்புகளாகப் பிரித்துவிடலாமா, அல்லது ஒரே வேலைக்குள் இரண்டையும் கொண்டுவர வழி உண்டா? சிறுவர்கள் இருப்பதால், எந்தப் பொருள்களைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையேன்.

மடிப்புத்தாள்:

பிரிக்க வேண்டாம், வரிசையை மாற்றினாலே போதும். உங்கள் குழுவில் அலங்காரம் முதலில் வந்துவிடுகிறது, கையில் இருக்கும் பொருளின் இயல்பை அறிவது நடக்காமலே போய்விடுகிறது என்று தோன்றுகிறது.

ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் 1923ஆம் ஆண்டு கற்பிக்கத் தொடங்கிய யோசப் ஆல்பர்ஸ், புதிய மாணவர்களிடம் செய்தித்தாள்களைக் கொடுத்து, சிறிதும் வீணாக்காமல் அவற்றிலிருந்து ஏதேனும் ஒன்றைச் செய்யுமாறு கூறுவார். மாணவர்கள் கோட்டை, முகமூடி, படகு என்று பலவற்றைச் செய்தார்கள். அவற்றையெல்லாம் வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்பது அவருடைய மதிப்பீடு. அவர் பாராட்டியதோ, தாளை நீளவாக்கில் மடித்து நிமிர்த்தி வைத்த மிக எளிய படைப்பை. துவண்டு விழும் தாள் ஒரே மடிப்பில் விறைப்புப் பெற்றுத் தன் விளிம்பின் மேல் நிற்கிறது என்பதை அந்த மாணவர் கண்டுகொண்டிருந்தார்.

நெளி அட்டையையும் இவ்வாறே அணுகுங்கள். இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே ஒட்டப்பட்ட அலைத்தாள்தான் அதற்கு வலிமை தருகிறது. அலைகளின் போக்கிலேயே மடித்தால் அட்டை நேராக மடங்கும். அவற்றுக்குக் குறுக்கே மடித்தால் நசுங்கிக் கோணலாகும். அலைகள் செங்குத்தாக நிற்கும்படி வைத்தால் அதிக எடையைத் தாங்கும். இவற்றை வாயால் சொல்லாமல், சிறு துண்டுகளைக் கொடுத்து அழுத்தியும் மடித்தும் பார்க்கச் செய்து, கண்டதை வரையச் சொல்லுங்கள். வெட்டிய விளிம்பில் தெரியும் அலையை, நடுவில் பென்சிலை எடுக்காமல் வரைவது மிக நல்ல கோட்டுப் பயிற்சி.

அதன் பிறகு மேசை இழுப்பறைக்கான தடுப்புகளைச் செய்யலாம். இழுப்பறையை அளந்து, மேலிருந்தும் பக்கவாட்டிலும் பார்த்தவாறு இரண்டு படங்கள் வரைய வேண்டும். ஒவ்வொரு பட்டையிலும் பாதி உயரத்துக்கு, அட்டையின் தடிமனுக்குச் சமமான அகலத்தில் பிளவு வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்தால் பசையே தேவைப்படாது. எந்த அறை அகலமாக இருக்க வேண்டும், எது குறுகலாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும்போதே இடைவெளி அமைப்பது பற்றிய பாடம் தொடங்கிவிடுகிறது. மேலே தாள் ஒட்ட விரும்பினால் இரு பக்கமும் ஒட்டிக் கனமான பொருளின் அடியில் உலர வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால், ஈரம் உலரும்போது தாள் சுருங்கி அட்டையை வளைத்துவிடும்.

பின்னல்:

முந்தைய பதிலில் உள்ளவற்றை ஏற்கிறேன். ஆயினும் அலங்காரத்தை இறுதிவரை தள்ளிப்போட வேண்டும் என்று எவரும் புரிந்துகொள்ள வேண்டாம். துணி வேலையில் நிறமும் உருவமும் ஒன்றாகவே வளர்கின்றன. அதனால்தான் கலை பயில்பவர்களுக்கு அதை முதலில் பரிந்துரைப்பேன்.

பழைய பனியன் துணியைக் குறுக்குவாக்கில் 2 முதல் 3 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி இழுத்தால், ஓரங்கள் தாமாகச் சுருண்டு கயிறு போலாகிவிடும். நெய்த பருத்தித் துணியாக இருந்தால், ஓரத்தில் சிறிது வெட்டிக்கொடுத்து, இழையின் போக்கில் கிழிக்கலாம். மூன்று பட்டைகளைச் சடையாகப் பின்னி, அந்தச் சடையைச் சுருளாக்கி, அடுத்தடுத்த சுற்றுகளைப் பக்கவாட்டில் தைத்துக்கொண்டே போனால் கால்மிதி உருவாகும். நீள்வட்டமாக வேண்டுமெனில், நடுவில் நேராக வைக்கும் முதல் வரிசையின் நீளம், முடிவில் நாம் விரும்பும் நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தால் வருவது. 90 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள கால்மிதிக்கு 30 செ.மீ. வரிசையில் தொடங்க வேண்டும். ஏன் அப்படி என்று காகிதத்தில் வரைந்து பார்க்கச் சொன்னால், ஒவ்வொரு சுற்றும் நான்கு திசையிலும் சமமாக வளர்கிறது என்பதைச் சிறுவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் வளைவு. வளையும் பகுதியில் சடையின் வெளி ஓரம் உள் ஓரத்தைவிட அதிக நீளத்தைக் கேட்கிறது. இறுக்கி இழுத்துத் தைத்தால் விளிம்பு மேலே எழும்பும். தேவைக்கு அதிகமாகத் தளர்த்தினால் அலை அலையாகப் புடைக்கும். இதை அறிந்தவர், வேண்டுமென்றே இறுக்கி அதே சுருளைக் கூடையாக எழுப்பலாம். தட்டையான வடிவம் எப்போது குழிந்த வடிவமாகிறது என்பதை விரல்களால் அறிந்த ஒருவர், அதன் பிறகு கிண்ணத்தையோ குடத்தையோ வரையும்போது பக்கங்களின் வளைவை வேறு கண்ணோடு பார்க்கிறார். கற்பிப்பவர் எத்தனை முறை விளக்கினாலும் அந்தத் தெளிவு கிடைக்காது என்பது என் உறுதியான கருத்து.

வட்டக் கால்மிதி முடிந்ததும் அதைத் தரையில் விரித்து, முதலில் நின்றபடியும் பிறகு தரையில் அமர்ந்தபடியும் வரையச் செய்யுங்கள். கண்மட்டம் இறங்க இறங்க வட்டம் தட்டையாகிக்கொண்டே போவதை இரண்டு படங்களும் காட்டும்.

கைவினைக்கூடம்:

பாதுகாப்புப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். 3 என்பது பி.வி.சி.; அதைச் சூடாக்கினால் நச்சு வாயு வரும். சிறுவர்கள் இருக்கும் இடத்தில் எந்தப் பிளாஸ்டிக்கையும் உருக்கவோ எரிக்கவோ வேண்டாம். 2, 4, 5 ஆகிய எண்களைக் கொண்டவற்றின் மேல் பூச்சும் பசையும் சரியாகப் பிடிப்பதில்லை. உங்கள் டப்பாக்களில் பூச்சு உரிந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அத்தகையவற்றைத் துளையிட்டுக் கம்பியாலோ நூலாலோ இணைப்பதே நிலைக்கும்.

தகர டப்பாவில் துளையிடுவதற்கு முன், அதில் முக்கால் அளவு நீர் ஊற்றி உறைய வைத்தால், ஆணி அடிக்கும்போது டப்பா நசுங்காது. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைவதால் விளிம்பு வரை நிரப்பக் கூடாது. துளைகளின் உட்புற முனைகளை அரத்தால் தேய்த்துவிட வேண்டும். கண்ணாடி வெட்டும் வேலையைப் பெரியவர்கள் மட்டுமே, கண்ணுக்கும் மூக்குக்கும் காப்பணிந்து செய்ய வேண்டும். பூச்சிமருந்து இருந்த கலன்கள், மின்கலங்கள், ஈயம் கலந்திருக்கக்கூடிய மிகப் பழைய வண்ணப்பூச்சுள்ள மரத்துண்டுகள், வெப்பத்தால் அச்சாகும் கடை ரசீதுகள் ஆகியவற்றை அறவே விலக்குங்கள்.

நூலேணி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இழுப்பறைத் தடுப்பையும் கால்மிதியையும் அடுத்தடுத்துத் தொடங்க எண்ணியுள்ளேன். நிறத்தைப் பற்றியும் எவரேனும் சொன்னால் நன்றாக இருக்கும்; வண்ணம் வாங்காமலே அதைக் கற்பிக்க முடியுமா? ஒருவர் செய்ததை மற்றவர்கள் மதிப்பிடும்போது, குறிப்பாகச் சிறுவர்களின் மனம் நோகாமல், ஆனால் உண்மையாகப் பேசுவது எப்படி என்பதும் எனக்குப் பிடிபடவில்லை.

வண்ணக்கலவை:

முடியும். உங்கள் வீட்டில் சேரும் பொதியுறைகளில் அச்சான நிறங்களே போதும். முதல் வகுப்பில் சிவப்பு மட்டும் சேகரியுங்கள். சேர்ந்த துண்டுகளை வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறம் வரை வரிசைப்படுத்தி, கண்களைப் பாதி மூடிப் பார்க்க வேண்டும். பிறகு கைபேசியில் கருப்பு வெள்ளைப் படம் எடுத்தால், எந்த இரண்டு துண்டுகள் இடம் மாறியுள்ளன என்பது உடனே தெரிந்துவிடும். பளிச்சென்று இருப்பதையும் வெளிர்நிறமாக இருப்பதையும் ஒன்றாகக் கருதும் பழக்கம் இந்தப் பயிற்சியில் குறையும். அடுத்த வகுப்பில் அதே துண்டுகளை நீலத்தின் மேலும் சாம்பல் நிறத்தின் மேலும் வைத்து, ஒரே சிவப்பு எவ்வாறு இரண்டாகத் தோன்றுகிறது என்று பார்க்கலாம். அந்தத் துண்டுகளைக் கொண்டே ஏட்டுக்கு மேலுறையோ, தகர டப்பாவைச் சுற்றிக் கழற்றி மாட்டக்கூடிய அட்டை உறையோ செய்யுங்கள்.

குழுவினருக்குக் காட்ட இரு கலைஞர்களைச் சொல்கிறேன். முதல் உலகப் போருக்குப் பின் குர்ட் ஷ்விட்டர்ஸ், டிராம் பயணச்சீட்டுகளையும் கிழிந்த அச்சுத்தாள்களையும் ஒட்டிப் பல படைப்புகளை உருவாக்கினார். கானாவில் பிறந்து நைஜீரியாவில் பணியாற்றிய எல் அனட்சுயி, மதுப் பாட்டில்களின் மூடிகளையும் கழுத்துப் பட்டைகளையும் தட்டையாக்கி, செம்புக் கம்பியால் கோத்து, சுவரளவு விரியும் உலோகத் துணிகளைப் படைத்தார். இருவரும் கிடைத்த நிறத்தை முழுவதும் மூடி மறைக்கவில்லை என்பதைச் சிறுவர்களுக்குச் சுட்டிக்காட்டுங்கள்.

மதிப்பீட்டைப் பொறுத்தவரை, செய்து முடித்த அன்றே கருத்துச் சொல்வதைத் தவிர்ப்பது நல்லது. பொருளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சில வாரங்கள் பயன்படுத்திவிட்டு, மீண்டும் எடுத்துவரச் சொல்லுங்கள். எந்த மூலை நைந்தது, எந்தத் தையல் விட்டது, எந்த அறையில் எதுவும் வைக்கப்படவில்லை என்று அவரவரே காட்டட்டும். நன்றாக இருக்கிறது அல்லது நன்றாக இல்லை என்ற பேச்சுக்கே அப்போது இடமிருக்காது. பேச்சு முழுவதும் பொருளைப் பற்றியதாகவே அமையும். நைந்த இடத்தைப் பெரிதாக வரைந்து, அதன் அருகிலேயே அடுத்த வடிவத்தின் வரைபடத்தையும் வரைய வேண்டும். அந்த இரண்டு படங்களையும் ஒரே ஏட்டில் தேதியிட்டு வைத்திருந்தால், எவரிடமும் வளர்ச்சி தெரியவில்லை என்ற உங்கள் கவலைக்கு ஏடே விடை சொல்லும்.