துடிப்புகள் இயைந்து செல்வதற்கு ஒரு சொல்: "நடையியைவு"

அன்பர்களுக்கு வணக்கம்.

கூட்டுத் தியானத்தில் அமர்ந்திருப்போரின் இதயத்துடிப்புகள் தம்முள் இயைந்து செல்கின்றனவா என்று அளப்பதைக் குறிக்க "ஒத்திசைவு" போதும் என்ற கருத்தை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. கைப்பேசியும் கணினியும் தரவுகளைச் சமன் செய்துகொள்வதற்கு அச்சொல் முன்பே வழங்குகிறது. ஒரே ஆளின் துடிப்பு மெதுவான மூச்சோடு சேர்ந்து சீரான அலைபோல ஏறி இறங்கும் நிலைக்கும் அதுவே பொருந்திவிடும். ஓர் உடலுக்குள் நிகழ்வதையும் இருவருக்கிடையே நிகழ்வதையும் ஒரே பெயரால் சுட்டினால், எது அளக்கப்பட்டது என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும்.

"துடிப்பொற்றுமை" என்ற மாற்றுச்சொல்லோ இன்னும் பெரிய பிழைக்கு இடம் தரும். எல்லோருடைய இதயங்களும் ஒரே நொடியில் துடித்தன என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. உண்மையில் கணக்கிடப்படுவது வேறு. இதய மின்வரைவில் (ECG) ஒவ்வொரு துடிப்புக்கும் எழும் கூர்முனை "ஆர் முகடு" எனப்படும்; அடுத்தடுத்த இரு ஆர் முகடுகளுக்கு இடைப்பட்ட காலத்தை மில்லிநொடியில் எடுக்கிறார்கள். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் சராசரி இடைவெளி 800 மில்லிநொடி. இந்த இடைவெளி மூச்சை இழுக்கும்போது குறுகி, விடும்போது நீள்கிறது. ஒருவருக்கு அது நீளும்போது மற்றவருக்கும் நீள்கிறதா, அல்லது சற்றுத் தாழ்த்து நீள்கிறதா என்பதே கேள்வி. ஒருவரது துடிப்பு 62 ஆகவும் மற்றவரது துடிப்பு 80 ஆகவும் இருந்தாலும் இந்த இயைவு அமையலாம்.

ஆகவே நமக்கு வேண்டியது தனித்தனித் துடிப்பைச் சொல்லும் சொல் அன்று, துடிப்பு காலத்தில் செல்லும் விதத்தைச் சொல்லும் சொல். சித்த மருத்துவத்தில் "நாடி நடை" என்ற வழக்கு நெடுங்காலமாக இருக்கிறது. வாத நாடி அன்னம்போல் நடக்கும், கப நாடி தவளைபோல் தத்தும் என்பார்கள். இசையில் திஸ்ர நடை, சதுஸ்ர நடை என்கிறோம். இரண்டிலும் நடை என்பது காலத்தின் ஓட்டத்தையே குறிக்கிறது. அதனோடு "இயைவு" சேர்த்து "நடையியைவு" என்று முன்மொழிகிறேன். முதன்முறை எழுதும்போது "இதய நடையியைவு" என்று விரித்துச் சொல்லலாம். யாப்பில் தொடைவகையாக நிலைத்துவிட்ட "இயைபு" என்ற வடிவத்தைத் தவிர்த்திருக்கிறேன்.

"இயைவு" எதிர்நிலைக்கும் இடம் தரும். 1665-இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஒரே தாங்கியில் தொங்கிய இரு ஊசல் கடிகாரங்களைக் கவனித்தபோது, ஊசல்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஆடியபடியே காலத்தில் பிணைந்திருந்தன. அதை ஒற்றுமை என்று சொல்ல முடியாது. இயைவு என்று சொல்லலாம்.

காரணத்தைப் பற்றிச் சொல் எதையும் முன்கூட்டி உறுதியளிக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 2001-இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வொன்றில், லத்தீன் செபமாலையும் "ஓம் மணி பத்மே ஹூம்" மந்திரமும் மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைத்தன. ஒரு குழு சேர்ந்து ஓதினால் மூச்சு பொதுவாகிவிடும். மூச்சு பொதுவானால், மனங்கள் கலந்தாலும் கலக்காவிட்டாலும், நடை இயையும். ஆனால் ஸ்பெயினின் சான் பெத்ரோ மன்ரிக்கே ஊர்த் தீமிதியைப் பற்றிய 2011 ஆய்வில், தீயில் நடந்தவர்களோடு உறவோ நட்போ உடைய பார்வையாளர்களுக்கு, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தபோதும், இயைவு தென்பட்டது. உறவில்லாத பார்வையாளர்களிடம் அது காணப்படவில்லை. இவ்விரு வகையையும் பிரித்துச் சொல்ல "மூச்சுவழி நடையியைவு", "உறவுவழி நடையியைவு" என்று அடைகொடுக்கலாம். "ஆன்ம இணைவு" போன்ற சொற்களில் அந்த வசதி இல்லை. அவை முடிவையே பெயராக்கிவிடுகின்றன.

வினையாக்கமும் எளிது: "இருவரின் துடிப்புநடை 4 நொடிக் காலத்தாழ்வுடன் இயைந்தது." ஒட்டுறவுக் கெழுவை (இரு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்ணை) கொண்டு அளக்குமிடத்தில் "நடையியைவுக் கெழு" எனலாம். அலையின் கட்டம், அதாவது ஏற்ற இறக்கச் சுழற்சியில் அது நிற்கும் இடம், மற்றதன் கட்டத்தோடு பூட்டிக்கொள்வதை வைத்து அளக்கும் முறைக்கு "கட்டப்பிணைப்பு" என்று தற்காலிகமாக எழுதிவருகிறேன்; அதற்கு இதைவிடத் தெளிவான சொல் யாரிடமேனும் இருந்தால் அருள்கூர்ந்து தெரிவியுங்கள்.