பாலைவனத்தில் பாரமோட்டர் கூட்டம்: மலையில் பழகிய நான் அங்கே பறக்கலாமா?

ஊவாக் காற்று (பண்டாரவளை):

எல்லோருக்கும் வணக்கம். நான் பண்டாரவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் காசு சேர்த்து இந்தியாவுக்குப் போய், ஹிமாச்சல் பிரதேசத்தில் பீர் என்ற ஊரில் பன்னிரண்டு நாள் பாராகிளைடிங் பழகினேன். மேலே பில்லிங்கில் ஓடிக் கிளம்பி, கீழே பீரில் இறங்குவது. 2015இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்த மலை அது. தனியாக ஐந்து தடவை பறந்திருக்கிறேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

வரும்போது செகண்ட் ஹேண்ட் விங் (தலைக்கு மேலே விரிகிற துணி இறகு) ஒன்றும் வாங்கி வந்தேன். அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. போன மழைக்காலம் முடிந்து பிரித்துப் பார்த்தபோது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறப் பூஞ்சணம். அன்றைக்கு அழுதே விட்டேன்.

இப்போது விஷயம் இதுதான். அக்கா குடும்பம் கலிபோர்னியாவில், சான் டியேகோவில் இருக்கிறது. அத்தானோடு வேலை செய்கிற ஒருவர் பாரமோட்டர்காரர். முதுகில் எஞ்சின் கட்டிக்கொண்டு பறப்பார்களே, அது. குளிர்காலத்தில் சால்டன் சீ என்ற உப்பேரிக் கரையில், பாலைவனத்தில், இவர்கள் கூடாரம் அடித்துக் கூடிப் பறப்பது பல வருட வழக்கமாம். ஜனவரியில் லீவுக்கு நான் அங்கே போகும்போது என்னையும் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். "பாராகிளைடிங் தெரியும்தானே, எஞ்சின் நான் தருகிறேன், ஒரே நாளில் பழகிவிடலாம், இங்கே லைசன்சும் வேண்டாம்" என்கிறார்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. லைசன்ஸ் வேண்டாம் என்பது உண்மையா? மலைக்காற்று எனக்குக் கொஞ்சம் தெரியும், பாலைவனக் காற்று எப்படி இருக்கும்? அந்தப் பூஞ்சணம் பிடித்த விங்கை எடுத்துப்போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஹற்றன் பையன்:

டீச்சர், இதை யோசிக்கவே வேண்டாம், போங்க! நம் மலையகத்திலிருந்து ஒரு பெண் பாலைவனத்துக்கு மேலே பறக்கிறார் என்றால் அது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம். மலையில் பறந்தவருக்குத் தட்டைத் தரை என்ன கஷ்டம்? பறந்துவிட்டு வந்து கட்டாயம் படம் போடுங்க.

பெரகலை பட்டறை:

தங்கச்சி, தம்பி ஆசையில் சொல்கிறார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெரகலையில் பட்டறை. அதற்கு முன்னால் ஒன்பது வருடம் அரபு நாட்டில், ராஸ் அல் கைமா பக்கம், ஜெனரேட்டர் திருத்துகிற வேலை. அங்கே லீவு நாட்களில் பாரமோட்டர்காரர்கள் பாலைவனத்தில் கூடுவார்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் தெரிந்த ஆள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஹப்புத்தளையில் டூ ஸ்ட்ரோக் த்ரீவீலும், தோட்டத்துப் புல்லு வெட்டும் மெசினும் கழற்றிப் பூட்டி வளர்ந்த கை. அவர்களுடைய எஞ்சினைப் பார்த்ததும் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. 185 சிசி, ஏறக்குறைய 25 குதிரைவலு, பெற்றோலில் ஒயில் கலந்து ஊற்றுவது. அதில் இருந்ததும் புல்லு வெட்டும் மெசினில் இருக்கிற அதே வகை டயாபிரம் கார்பரேட்டர்தான், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற சாமான். 2022 ஜனவரியில் அபுதாபி மீது ட்ரோன் தாக்குதல் நடந்ததும் ட்ரோன், பொழுதுபோக்குக்குப் பறக்கிற சின்ன விமானம் எல்லாவற்றையும் தற்காலிகமாக நிறுத்தினார்கள். அதோடு நானும் ஊருக்கு வந்துவிட்டேன்.

முதலில் எஞ்சினைப் பற்றி. நீங்கள் எல்லாரும் ஆகாயத்தைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். நான் பார்த்த மோசமான காரியம் நடந்தது தரையில். விடிய ஐந்தரை மணி இருக்கும், நல்ல குளிர். ஒருவர் எஞ்சினை முதுகில் மாட்டாமல் மணலில் நிறுத்தி, ப்ரொபெல்லரைச் சுற்றியிருக்கிற வலைக்கூட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணினார். த்ரொட்டில் கேபிள் ஹார்னஸ் பட்டியில் சிக்கி இழுபட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. எஞ்சின் பிடித்ததும் நேரே முழு வேகம். அந்தச் சாமான் எழுபது கிலோவுக்கு மேலே தள்ளும் தங்கச்சி, ஒரு கையால் நிறுத்த முடியாது. அது அவர் மேலேயே பாய்ந்தது. பிடித்த கை வலையை அமுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. கையுறையும் இரண்டு விரலும். நான் என் துவாயைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாகனத்தில் பின்னால் இருந்தேன், ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடம். அவர் பழகாத ஆள் இல்லை, ஆறு வருடம் பறந்தவர்.

அதனால்தான் "ஒரே நாளில் பழகலாம்" என்ற பேச்சைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்குகிறது. உங்களுக்கு விங் தெரியும். முதுகில் இருபத்தைந்து முப்பது கிலோவும், அதற்குப் பின்னால் சுற்றுகிற ப்ரொபெல்லரும் தெரியாது.

அப்புறம் பறப்பிலும் வித்தியாசம் இருக்கிறது. மலையில் நீங்கள் ஓடினால் தரை தானே கீழே போய்விடும். பாலைவனத்தில் தரை உங்களோடேயே ஓடி வரும், எஞ்சின்தான் தூக்க வேண்டும். பயத்தில் இரண்டு பிரேக் கயிற்றையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு முழு த்ரொட்டில் கொடுத்தால் விங் பின்னால் தொங்கி ஸ்டால் ஆகும், அதாவது தூக்கும் சக்தி போய்விடும், அதுவும் தரைக்கு இருபது முப்பது மீட்டர் உயரத்தில். ப்ரொபெல்லர் சுற்றுவதன் எதிர்விசை ஒரு பக்கமாகத் திருப்பும், அதையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். நம் ஆட்கள் இலேசான சரிவில் பழகியவர்கள். பொதிமணலில் முப்பது கிலோவோடு ஓடிப் பாருங்கள், கணுக்கால் வரை புதையும்.

காற்றுக்கு வருகிறேன். நம் ஊரில் காற்றைக் கண்ணால் பார்க்கலாம். கிரவேலியா இலை புரண்டு வெள்ளி அடித்தால் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு என்று கொழுந்தெடுக்கிற ஆயாவுக்கே தெரியும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை மலைக்கு மேற்கே மழை, இந்தப் பக்கம் வறண்ட கச்சான் காற்று, ஊவாத் தேயிலைக்கு அந்த மணம் வருவதே அந்தக் காற்றில்தான். மலைக்குப் பின்பக்கம் காற்று சுருளும் என்பதும் உங்களுக்குப் பீரிலேயே சொல்லியிருப்பார்கள். பாலைவனத்தில் ஒரு இலை கிடையாது. தூண்டில் கம்பில் ரிப்பன் கட்டி நட்டு வைப்பார்கள், அதுதான் மரம்.

லிப்டன் சீட்டில் விடிய நின்றிருக்கிறீர்களா? கீழே பள்ளத்தாக்கில் பனிமூட்டம் மேசை மாதிரித் தட்டையாகப் படிந்திருக்கும். இரவில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழே தங்கி, அதற்கு மேலே சூடான காற்று மூடி போட்டிருக்கும். பாலைவனத்திலும் விடிய அதே மூடிதான், ஆனால் பனிமூட்டம் இல்லாததால் கண்ணுக்குத் தெரியாது. தரையில் ரிப்பன் அசையாது. ஐம்பது மீட்டர் ஏறியதும் மூடியைத் தாண்டி, மேலே ஓடுகிற காற்று திடீரென்று அடிக்கும். ஒன்பது பத்து மணியானால் வேறு கதை. தரை கொதித்து அனல் கிளம்பும், மணல் சுழன்று தூண் மாதிரி எழும். அந்த நேரத்தில் விங்கைத் தரையில் விரித்து வைப்பதே ஆபத்து. விடிந்து இரண்டு மணி நேரம், பொழுது சாய முன்னால் இரண்டு மணி நேரம், அதுதான் அவர்களுடைய பறப்பு நேரம். நடுப்பகலில் நிழலில் கிடந்து எஞ்சின் கழுவுவார்கள்.

என் பேச்சு இதுதான்: கட்டாயம் போங்கள், ஆனால் இந்தத் தடவை பறக்கப் போகாதீர்கள். விங் விரிக்க உதவுங்கள், ரிப்பனைப் பார்த்துச் சொல்லுங்கள், யார் எப்படித் தூக்குகிறார் என்று நின்று பாருங்கள். பறக்க வேண்டுமென்றால் அங்கேயே முறையான பயிற்சியாளரிடம் ஒரு வாரம் தனியாகப் படித்துவிட்டு அடுத்த வருடம் போங்கள். கூட்டத்தில் எல்லாரும் தங்கள் பறப்பில்தான் கண்ணாக இருப்பார்கள். உங்களைக் கவனிக்க ஆள் இருக்காது.

உப்பேரிக்கரை:

நான் கண்டிப் பக்கம் பிறந்தவள், இப்போது கலிபோர்னியாவில். கணவர் பாரமோட்டர் பறப்பவர். அந்த ஏரிக்கரைக் கூட்டத்துக்கு மூன்று குளிர்காலம் போயிருக்கிறேன்.

லைசன்ஸ் வேண்டாம் என்பது உண்மைதான். அமெரிக்க விமானச் சட்டத்தில் 103ஆம் பகுதி என்று ஒன்று இருக்கிறது. ஒரு ஆள் மட்டும், ஆளும் பெற்றோலும் சேர்க்காத எடை 115 கிலோவுக்குள், பெற்றோல் 19 லீட்டருக்குள், பகல் வெளிச்சத்தில், சனம் கூடிய இடத்துக்கு மேலே போகாமல் பறந்தால் லைசன்ஸ் கேட்க மாட்டார்கள். ஆனால் வான்பரப்பு விதி எல்லாருக்கும் உண்டு. ஏரிக்குத் தெற்கே எல் சென்ட்ரோவில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது, ப்ளூ ஏஞ்சல்ஸ் ஜெட் குழு குளிர்காலப் பயிற்சி எடுப்பது அங்கேதான். கிழக்கே சாக்லேட் மலையில் குண்டு வீசிப் பழகும் இடம். நம் ஊரில் இராணுவ முகாம் இருக்கிற தியத்தலாவைக்கு மேலே இஷ்டப்படி போக முடியுமா? அப்படித்தான் இதுவும். வரைபடம் பார்க்காத ஆளோடு பறக்கக் கூடாது.

இடத்தைப் பற்றி. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 70 மீட்டர் கீழே இருக்கிறது. 1905இல் கொலராடோ ஆற்று வாய்க்கால் உடைத்துக்கொண்டு பாய்ந்ததில் உண்டான ஏரி, இப்போது வற்றிக்கொண்டு வருகிறது. கரை வெள்ளையாக, மணல் மாதிரித் தெரியும். குனிந்து ஒரு பிடி அள்ளினேன், மணலே இல்லை. பார்னக்கிள் என்கிற, சிப்பி மாதிரிச் சின்ன உயிரின் ஓடும் திலாப்பியா மீன் முள்ளும்தான். செருப்பில்லாமல் நடக்க முடியாது. தண்ணீர் ஓரமாகப் போகாதீர்கள், மேலே காய்ந்த அடை, கீழே சேறு. முதல் வருடம் என் மகன் முழங்கால் வரை போய்விட்டான். நாற்றமும் இருக்கும், இரண்டாம் நாள் மூக்குக்குப் பழகிவிடும்.

பெரகலை அண்ணா சொன்ன கார்பரேட்டர் விஷயத்தில் ஒன்று. உயரமான ஊர்களிலிருந்து வருகிறவர்கள் அங்கே வைத்த செட்டிங்கோடே இங்கே பறக்கப் பார்ப்பார்கள். ஒருவருக்கு பிஸ்டன் பிடித்து எஞ்சின் நின்று, ஏரி ஓரமாக இறங்க வேண்டி வந்தது. அது ஏன் என்று அண்ணாதான் விளக்க வேண்டும்.

ஜனவரி இரவுக் குளிர் நுவரெலியாக் குளிர் மாதிரி, கம்பளி கொண்டு வாங்க. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லீட்டராவது வேண்டும். நான் கட்டசம்பலும் ரொட்டி மாவும் கொண்டுபோனேன், விடிய பிளேன்டி ஊற்றினால் எங்கள் கூடாரத்துக்குத்தான் எல்லாரும் வந்தார்கள்.

பெரகலை பட்டறை:

அந்தக் கார்பரேட்டர் விஷயம் சரியான கேள்வி. உயரம் கூடக் கூடக் காற்று மெலிசு. ஹப்புத்தளை 1,400 மீட்டருக்கு மேலே, அங்கே காற்றுக்குத் தக்கபடி பெற்றோலைக் குறைத்து வைத்திருப்போம். அதே த்ரீவீல் பெரகலை, கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்கினால் காற்று கனக்கும், பெற்றோல் போதாது, எஞ்சின் சூடேறும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. நல்ல பிளக் மாரி பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும். பாரமோட்டரிலும் இதேதான். இறங்கி வந்தவர் ஸ்க்ரூவைத் திறந்து பெற்றோலைக் கூட்டியிருக்க வேண்டும்.

தங்கச்சியின் விங்கைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பூஞ்சணம் பிடித்த துணியில் காற்று ஊடுருவ ஆரம்பித்தால் விங் மேலே வரச் சோம்பும், ஸ்டாலும் சீக்கிரம் வரும். சோதனை செய்து பார்க்காமல் அதில் பறக்க வேண்டாம்.

உப்பேரிக்கரை:

பறக்க வேண்டாம், ஆனால் கொண்டு வாங்க தங்கச்சி. காலையில் இலேசான காற்று வந்ததும் எஞ்சின் இல்லாமல் தரையில் நின்றே விங்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பழகலாம், அங்கே நிறையப் பேர் மணிக்கணக்காக அதைத்தான் செய்வார்கள். முடிந்ததும் பின் ஓரத்தைப் பிடித்துத் தலைகீழாக உதறுங்க, விங்கின் துணி அறைகளுக்குள் போன மணல் முன்வாய் வழியாகக் கொட்டும். மணலோடு மடித்தால் துணி அரைபட்டுப் போகும். விமானத்தில் விங் சாதாரண பேக்கேஜ்தான். திரும்பும்போது பழைய எஞ்சின் எதுவும் வாங்கிக் கட்டிவிடாதீங்க, பெற்றோல் வாசம் வந்தாலே ஏற்ற மாட்டார்கள்.

ஊவாக் காற்று:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது. நேற்று இரவு அக்காவிடம் பேசினேன். வருகிறேன், விங் கொண்டு வருகிறேன், எஞ்சின் மாட்ட மாட்டேன் என்று அத்தானின் நண்பருக்குச் சொல்லச் சொன்னேன். அவர் கோபப்படவில்லையாம். விடிய ரிப்பன் பார்க்க ஆள் கிடைத்தது நல்லது என்றாராம். வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த விரல் கதையை இரண்டு தடவை வாசித்தேன்.

பெரகலை அண்ணே, ஒரு உதவி. டூ ஸ்ட்ரோக் எஞ்சினை நான் கையால் தொட்டதே இல்லை. போவதற்கு முன்னால் உங்கள் பட்டறைக்கு வந்து புல்லு வெட்டும் மெசின் ஒன்றைக் கழற்றிப் பார்க்கலாமா?

பெரகலை பட்டறை:

தாராளமாக. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பிறகு வாங்க. பெரகலைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கேட்டால் யாரும் காட்டுவார்கள். பழைய உடுப்பு, சால்வை வேண்டாம், தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். மெசின் ஒன்று கார்பரேட்டர் அடைத்துக் கிடக்கிறது, அதைத் திருத்தாமல் வைக்கிறேன்.