தராசின் எண்ணும் மாமாவின் போனும்

குழு: பினாங்கு வீட்டார்

பெரிய மாமா: தம்பி, தராசில் 750 கிராம் மல்லித்தூள் வைத்தேன். நீங்கள் கடைக்குச் செய்யும் பில் ஆப்பில், போனில் இன்னும் 0 தான் நிற்கிறது. லெபோ பசாரில் தீபாவளிக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. வருமா, வராதா?

தம்பி: ப்ளூடூத் சேர்ந்துவிட்டது மாமா. ஆண்ட்ராய்டுக்காகக் கோட்லின் மொழியில் எழுதிய பக்கம், லாக்கில் (ஆப்பின் பதிவேட்டில்) எடை சரியாகத் தெரிகிறது. அங்கிருந்து திரையைக் காட்டும் ஃப்ளட்டர் பகுதிக்குத்தான் வரமாட்டேன் என்கிறது.

மாமி: ஒரே போன்தானே? உள்ளேயே எங்கே போய் மாட்டிக்கொள்ளும்?

நான்: ஆப் ஒன்றுதான் மாமி, உள்ளே இரண்டு குடித்தனம். திரை, விலை, பில் எல்லாம் ஃப்ளட்டரின் டார்ட் மொழியில் எழுதியது, ஆண்ட்ராய்டு ஐபோன் இரண்டுக்கும் பொது. இந்தத் தராசோடு பேசுகிற பகுதி மட்டும் ஆண்ட்ராய்டில் கோட்லின், ஐபோனில் ஸ்விஃப்ட். நடுவில் சேனல் ஒன்று வைத்துத்தான் எடையைக் கடத்த வேண்டும்.

மாமி: சரிப்பா, பாருங்கள். இரண்டு பேரும் சாப்பிட்டீர்களா?

நான்: தம்பி, எந்தச் சேனல் போட்டிருக்கிறாய்?

தம்பி: மெத்தட் சேனல் அண்ணா. டார்ட்டில் டைமர் வைத்து, எடை என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

நான்: அது கேட்டால் பதில் சொல்கிற வகை. பேட்டரி எவ்வளவு என்று ஒரு தடவை கேட்க அது போதும். தராசு தானாகவே எண்ணைத் தள்ளிக்கொண்டிருக்கிறது, அதற்கு ஈவண்ட் சேனல்தான் பொருத்தம். டார்ட்டில் ஸ்ட்ரீமாக, அதாவது எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். டார்ட் கேட்கத் தொடங்கும்போது கோட்லினில் ஆன்லிசன் அழைக்கப்படும். அப்போது கிடைக்கிற ஈவண்ட்சிங்கை (எடையை அனுப்பும் வழியை) பிடித்து வை. எடை வரும்போதெல்லாம் அதன் சக்சஸை அழை. டார்ட் கேட்பதை நிறுத்தும்போது அழைக்கப்படும் ஆன்கேன்சலில் தராசைக் கேட்பதை நிறுத்திவிடு. பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். திரையை மூடிய பிறகும் ப்ளூடூத் ஓடும், மாமா போனில் மதியத்துக்குள் சார்ஜ் இருக்காது.

அக்கா: இப்போதே மதியம் வரை தாங்குவதில்லை. நாள் முழுக்க வீடியோ.

பெரிய மாமா: 😐

தம்பி: மாற்றிவிட்டேன். எடையைக் காட்டுவதற்கு முன்னால் ஆப்பே விழுகிறது. மெயின் திரெட்டில், அதாவது திரையை நடத்தும் முக்கிய வேலைத் தடத்தில் அழை என்று எரர்.

நான்: ஆண்ட்ராய்டில் ப்ளூடூத் கால்பேக் வேறு திரெட்டில் வரும். சேனலில் அனுப்புவது மெயின் திரெட்டில்தான் நடக்க வேண்டும். வேலையை அங்கே அனுப்ப, மெயின் லூப்பரோடு ஒரு ஹேண்ட்லர் எடுத்து, போஸ்ட்டுக்குள் சக்சஸை வை. ஐபோனிலும் அதன் ப்ளூடூத் பகுதியான கோர்ப்ளூடூத்துக்குத் தனி க்யூ (வேலை வரிசை) கொடுத்தால் இதே கதைதான், அங்கே அதற்கு டிஸ்பாட்ச்க்யூ மெயின்.

தம்பி: விழவில்லை. ஆனால் டார்ட் இப்போது இன்ட் (முழு எண்) வந்திருக்கிறது, டபிள் (தசம எண்) இல்லை என்று சண்டை போடுகிறது.

நான்: நியாயம்தான். நீ கோட்லினில் இன்ட்டாக அனுப்புகிறாய், டார்ட்டில் அதை டபிள் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்லி காஸ்ட் செய்கிறாய். அது தானாக மாறாது. சேனலில் போகிறவை எண், எழுத்துச் சரம், உண்மை/பொய், பைட் வரிசை, லிஸ்ட், மேப் (பெயரும் மதிப்பும் ஜோடியாக) மாதிரி எளிய வகைகள்தான். எடைக்காக நீயே உருவாக்கிய கிளாஸை (சொந்த வகையை) அப்படியே தூக்கிப் போட முடியாது. எப்போதும் கிராமில், முழு எண்ணாக அனுப்பு. கூடவே தராசு நிலையாக நிற்கிறதா என்ற உண்மை/பொய். இரண்டையும் ஒரு மேப்பில் வை. வேறு எதுவும் வேண்டாம்.

தம்பி: விலையையும் கோட்லினிலேயே பெருக்கி அனுப்பிவிட்டால் என்ன?

நான்: கூடவே கூடாது. அதே கணக்கை ஸ்விஃப்டில் இன்னொரு தடவை எழுத வேண்டிவரும். ரொக்கம் கொடுத்தால் மொத்தத்தைப் பக்கத்து 5 சென்னுக்குக் கொண்டுவருவது 2008 முதல் இங்கே மலேசியாவில் நடைமுறை. கார்டுக்கு அது கிடையாது. ஆண்ட்ராய்டில் ஒரு மாதிரி, ஐபோனில் ஒரு மாதிரி ரவுண்ட் ஆனால் மாமா இரவு கல்லாவை எண்ணும்போது யார் பதில் சொல்வது? அந்தக் கணக்கு பொதுவான டார்ட் நிரலில் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

பெரிய மாமா: 750 வந்துவிட்டது! கையை வைத்து அழுத்தினால் எண் ஏறுகிறது. பில் பட்டன் மட்டும் அழுத்த முடியவில்லை.

தம்பி: எடை நிலையாக நின்றால்தான் பட்டன் வேலை செய்யும் மாமா. கையை எடுங்கள்.

அக்கா: என் ஐபோனில் மிஸ்ஸிங் பிளகின் எக்ஸெப்ஷன் என்று வருகிறது.

நான்: ஸ்விஃப்ட் பக்கம் அந்தச் சேனலை யாரும் இன்னும் பதிவு செய்யவில்லை அக்கா. தம்பி, பெயர் இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஐபோன் ஆப்பின் விவரக் கோப்பான இன்ஃபோ பிளிஸ்டில் ப்ளூடூத் எதற்கு என்ற வரியையும் சேர், இல்லாவிட்டால் ஆப் மூடிக்கொள்ளும். சேர்த்த பிறகு, ஓடுகிற ஆப்பிலேயே மாற்றத்தை ஏற்றும் ஹாட் ரீலோட் போதாது, நிறுத்திவிட்டு முழுதாக பில்ட் செய். சேனல் பெருகினால் பிஜன் என்ற கருவியை வைத்துக்கொள்ளலாம். டார்ட்டில் ஒரு வரையறை எழுதினால் இரண்டு பக்கத்துக்கும் வகையோடு நிரல் உருவாக்கித் தரும். இந்த ஒரு தராசுக்கு அது தேவையில்லை.

தம்பி: ஐபோன் பில்டுக்கு மேக் வேண்டுமே, என்னிடம் இல்லை.

அக்கா: என்னுடையது இருக்கிறது. சனிக்கிழமை கடைக்கு எடுத்து வருகிறேன்.

பெரிய மாமா: சனிக்கிழமை வேண்டாம் லா, நிற்க இடம் இருக்காது. ஞாயிறு கடை மூடிய பிறகு வாருங்கள்.