கச்சேரிக்கு நடுவில் கை தட்டினால் முறைப்பார்களா?

பால்கனி_டிக்கெட்:
வர்ற சனிக்கிழமை மும்பை என்சிபிஏ அரங்கில் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா கச்சேரி, ஆபீஸ் நண்பர் ஊருக்குப் போவதால் அவர் டிக்கெட் என்னிடம் வந்துவிட்டது. ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற கண்டக்டரும் விருந்தினர், தனி வயலின்காரரும் விருந்தினர், மெண்டல்சன் எழுதிய வயலின் கான்செர்ட்டோவாம், அதாவது தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது. நான் சண்முகானந்தா ஹாலில் கர்நாடகக் கச்சேரி கேட்டு வளர்ந்த ஆள், அங்கே கல்பனாஸ்வரம் முடியும் முன்பே தட்டிவிடுவோம். இங்கே எப்போது தட்டலாம்? அப்புறம், நாலு நாள் முன்னால் வந்திறங்குகிற கண்டக்டர் எதை மாற்றிவிட முடியும்?

சுருதிப்பெட்டி:
மெண்டல்சன் என்றால் கவலையே வேண்டாம், தட்ட இடமே தர மாட்டார். முதல் பகுதி தடதடவென்று முடிகிற இடத்தில் எல்லாரும் நிறுத்திவிட, பஸூன் என்கிற ஊதுகுழல் மட்டும் ஒரே ஒரு ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், அதிலிருந்தே இரண்டாவது பகுதி கிளம்பிவிடும். அதற்கு முன்னால் நடுவில் கடென்சா வரும், வயலின் மட்டும் தனியாக. அது முடிகிற இடத்தைக் கவனியுங்கள்: வில் நாலு தந்தியிலும் துள்ளிக்கொண்டே இருக்கும், அதன் மேல் ஆர்கெஸ்ட்ரா பழைய மெட்டை எடுக்கும். கொஞ்ச நேரத்துக்கு வித்வான் பக்கவாத்தியம் ஆகிவிடுவார். எனக்கு மொத்தக் கச்சேரியிலும் பிடித்த இடம் அதுதான்.

கடைசி_வரிசை:
நான் ஒரு அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின், அதனால் கண்டக்டர் கேள்விக்கு மட்டும் பதில். எங்களிடம் வந்த ஒருவர் முதல் ஒத்திகையில் அதிகம் பேசவே இல்லை, ஒரு இடத்தில் எங்களை வில்லின் நுனியில் மட்டும் வாசிக்கச் சொன்னார், அவ்வளவுதான், அதுவரை எங்கள் இரைச்சலில் மூழ்கிக் கிடந்த தனி வயலின் திடீரென்று கேட்டது. கான்செர்ட்டோவில் நல்ல கண்டக்டர் கையை ஆட்டுவதை விட ஓரக்கண்ணால் பக்கத்திலிருக்கும் தனி வயலின்காரரின் வில்லைப் பார்ப்பதுதான் அதிகம். இன்னொன்று, இந்த கான்செர்ட்டோ 1845 மார்ச்சில் லைப்சிக்கில் அரங்கேறியபோது மெண்டல்சனுக்கு உடம்பு முடியவில்லை, அவருக்குப் பதில் நீல்ஸ் காதே என்ற டென்மார்க்காரர்தான் நடத்தினார். வயலின் ஃபெர்டினாண்ட் டாவிட்.

ராகமாலிகா:
முறைத்தால் முறைக்கட்டும். நடுவில் தட்டக்கூடாது என்பதே பின்னால் வந்த பழக்கம். 1778இல் பாரிஸில் தன் சிம்பொனி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் தட்டினார்கள் என்று மொசார்ட் அப்பாவுக்குச் சந்தோஷமாகக் கடிதம் எழுதியவர்.

சுருதிப்பெட்டி:
அது சரி, ஆனால் பஸூன் ஊதும்போது தட்டினால் அந்த இடமே காணாமல் போய்விடும். மற்றதுக்கெல்லாம் உங்கள் இஷ்டம்.

பால்கனி_டிக்கெட்:
சரி, தட்டவில்லை. ஆனால் இந்த பஸூன் எங்கே உட்கார்ந்திருக்கும், மேலே இருந்து தெரியுமா?

கடைசி_வரிசை:
நடுவில், வயலின் கூட்டத்துக்குப் பின்னால். வாசிப்பவர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மரக் குழாய். உங்கள் பால்கனியிலிருந்துதான் நன்றாகத் தெரியும், கீழே பணம் கொடுத்து உட்கார்ந்தவர்களுக்கு வயலின்காரர்கள் முதுகுதான்.